இடமாகச் சுற்றிய பலகை வீடுகள்

சென்ற மாதம் மருமகள் என் கைப்பேசிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஓய்வு பெற்றவளுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது எப்படி என்று காட்டுகிறாள். பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரி ஒரு கத்தி, கண்ணாடி போல ஓர் அடிக்கோல், அடியில் கட்டம் போட்ட பச்சைப் பாய். நடுவில் ஒரு சிவப்புச் சதுரத்தை வைத்து, அதைச் சுற்றிப் பட்டைத் துணிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறாள். அதற்கு லாக் கேபின், மரக்கட்டை வீடு, என்று பேர் சொன்னாள். நாலாவது பட்டை வந்தபோது சிரித்துக்கொண்டே, எந்தத் திசையில் சுற்றினாலும் பரவாயில்லை, ஆரம்பித்த திசையை மட்டும் மாற்றாதீர்கள் என்றாள். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

என் செட்டு ஆட்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வலம் இடம் என்றால் கார் ஓட்டுகிற சமாச்சாரம். நமக்கு அப்படியில்லை. சாமியை வலமாகச் சுற்றுவோம், மாப்பிள்ளையும் பெண்ணும் வலமாகத்தான் சுற்றுவார்கள். கொள்ளிக்குடம் தூக்கியவர் மட்டும் இடமாகச் சுற்றுவார். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்காமலே அது நம் காலுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெரிதலால் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஜொகூரில், பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பா அங்கே கிராணி, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுப் பதிந்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளைத் தாண்டி, மேட்டில் தனியாக எங்களுக்கு ஒரு பலகை வீடு கொடுத்திருந்தார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெயில் கோடு கோடாக உள்ளே விழும். மழைக் காலத்தில் அந்த இடுக்குகளில் அம்மா பழைய நாளிதழைத் திணிப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் மூத்த பிள்ளை, ஒரே பிள்ளையும்கூட. எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போயிற்று. இன்னொன்று பிறந்த அன்றே போயிற்று. அந்த வருடம் அம்மா மறுபடியும் ஆறு மாதம். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு நினைப்பே இருந்ததில்லை. அப்பா சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்.

ஒத்தாசைக்கு அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. இருபத்திரண்டு வயது, குளுவாங்கில் ஒரு தையல் கடையில் வேலை. ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாட்டில் நிறையப் பொத்தான்களும் கொண்டுவந்தார். வந்த மறுநாளே அம்மாவின் கால் மெஷினுக்கு எண்ணெய் போட்டார். அத்தைக்கு நொட்டாங்கைப் பழக்கம். சோறு மட்டும் வலது கையால் சாப்பிடுவார், அதுவும் சின்ன வயதில் வாங்கிய அடியால். மற்றதெல்லாம் இடது கைதான். கத்தரிக்கோல் அவருக்கு ஆகவே ஆகாது. எல்லாக் கத்தரிக்கோலும் வலதுகைக்காரர்களுக்குச் செய்தது. இடது கையில் பிடித்தால் வெட்டுகிற கோட்டை மேல்தகடு மறைத்துவிடும். அதனால் அத்தை துணியை வெட்ட மாட்டார், கிழிப்பார். ஓரத்தில் பல்லால் ஒரு சின்னக் கீறல் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. நூல் போன வழியே துணி நேராகக் கிழியும். அந்தச் சத்தம் எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலவும் இருக்கும்.

போர்வை யோசனை அத்தையுடையது. கடையில் இருக்கும்போது பள்ளிக்கூடத்து அமெரிக்க டீச்சர் ஒருவர் கிழிந்த போர்வையொன்றைத் தைக்கக் கொண்டுவந்தாராம். அதைப் பிரித்தபோதே அது எப்படிக் கட்டப்பட்டது என்று அத்தைக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி, பிறக்கப்போற பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கக் கூடாதுதானே? இது எல்லாமே பழசு. பிள்ளைங்க நல்லா நின்ன வீடுகள்ல கேட்டு வாங்குவோம்" என்றார்.

உங்களுக்கு இது நினைவிருக்கும். பிள்ளை தங்காத வீட்டில் பிறக்கிற குழந்தைக்குப் பிச்சை என்றும் குப்பம்மா என்றும் பேர் வைத்த காலம். கேட்டு வாங்கியதை எமன் கண்டுகொள்ள மாட்டான் என்று ஒரு கணக்கு. அம்மா முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. நானும் அத்தையும் ஒரு கோதுமை மாவுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனோம். ஏழு பிள்ளை பெற்று ஏழும் தங்கிய, ரப்பர்ப் பால் வெட்டுகிற அக்கா ஒருவர், தன் சிவப்பு ரவிக்கையைக் கொடியிலிருந்தே உருவிக் கொடுத்தார். அதில் இன்னும் ஈரம் இருந்தது. பக்கத்துக் கம்பத்து மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுகிறவர், பழுப்பு நிறப் பாத்திக் கைலி கொடுத்தார், கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம். சாமான் கடைச் சீனத்தி மூன்று மாவுச் சாக்கை அவிழ்த்துத் துவைத்தே கொடுத்தார். அப்பாவின் தேய்ந்த வேட்டி ஒன்றும் சேர்ந்தது.

எப்படித் தைப்பது என்று சொல்கிறேன், கேளுங்கள். வீடியோக்காரி சொன்னதைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நடுவில் ஒரு சிவப்புச் சதுரம். அது அடுப்பு என்பார் அத்தை. சுற்றிலும் இரண்டு விரல் அகலப் பட்டைகள். அவை பலகைகள். எங்கள் வீடும் பலகை வீடு என்பதால் நான் ஒவ்வொரு கட்டத்தையும் பலகை வீடு என்றே சொன்னேன், அத்தைக்கும் அதுவே பேராகிவிட்டது. சதுரத்தின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டையை வைத்துத் தைத்து, விரித்து, கரி இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்பு. மிச்சத்தை அதன் பிறகுதான் ஒட்ட நறுக்க வேண்டும். நறுக்குவது என் வேலை, எனக்குத்தான் கத்தரிக்கோல் பிடிக்க வரும்.

"முன்னாடியே அளந்து வச்சேன்னா ஒன்னு குறையும், ஒன்னு நீளும். தைச்சிட்டு நறுக்குனா துணியே அளவு சொல்லிடும்" என்பார் அத்தை.

பிறகு கட்டத்தைத் திருப்பி அடுத்த பட்டை. அது சதுரத்தையும் முதல் பட்டையின் நுனியையும் சேர்த்துப் பிடிக்கும். இப்படியே இரண்டு வெள்ளை, இரண்டு கருக்கல், மறுபடி இரண்டு வெள்ளை, இரண்டு கருக்கல். மூன்று சுற்று வந்தால் ஒரு பலகை வீடு எட்டு இஞ்சில் நிற்கும். பாதி வீட்டில் வெயில், பாதி வீட்டில் நிழல். கால் இஞ்சு தையலுக்குள் போக வேண்டும். ஒன்றில் கூடி ஒன்றில் குறைந்தால் வீடுகள் ஒன்றோடொன்று சேராது. மொத்தம் பன்னிரண்டு வேண்டும். மத்தியானத்தில் அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பார், நான் தரையில் உட்கார்ந்து நூல் பொறுக்குவேன், மெஷின் கடகடவென்று ஓடும். கரியும் ஈரத்துணியும் கலந்த அந்த வாசனை இப்போது எங்கே கிடைக்கும் சொல்லுங்கள். அந்த மூன்று வாரம்தான் எங்கள் பலகை வீட்டில் நான் கண்ட மிகச் சந்தோஷமான காலம். அதற்காக இன்றைக்கும் ஏங்குகிறேன்.

எட்டு வீடு முடிந்திருந்தபோது லாபிசிலிருந்து ரயிலில் பெரியம்மா வந்தார். அம்மாவின் அக்கா. பிள்ளைப்பேறு பார்த்துவிட்டுப் போவதாகத் திட்டம். பெரியம்மாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு தடவையும் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதவர் அவர்தான். வரும்போதே ஒரு பை நிறையப் பூண்டும் குலதெய்வத்துத் திருநீறும் கொண்டுவந்தார்.

வந்த சாயங்காலமே நான் என் பெருமையைக் காட்டினேன். வாய் சும்மா இருக்குமா? பெரியம்மா எதிரே எட்டு வீட்டையும் பரப்பி, ஒன்றை எடுத்து விரலால் சுற்றிக் காட்டினேன்.

"இங்க ஆரம்பிக்கணும் பெரியம்மா. அப்புறம் இப்படி, இப்படி, இப்படி. அத்தை எப்பவும் இந்தப் பக்கமாத்தான் சுத்துவாங்க."

பெரியம்மா என் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னொரு தடவ சுத்து" என்றார். சுற்றினேன். இடமாக.

நான் காட்டியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. தைத்து முடித்த கட்டத்தைப் பார்த்து எந்தப் பக்கம் சுற்றியது என்று சொல்ல, தைக்கத் தெரிந்தவர் உற்றுப் பார்க்க வேண்டும். இடது கைக்காரர், கட்டத்தைக் கைக்கு வாகாகத் திருப்பியிருக்கிறார், அவ்வளவுதான். இன்னொன்றும் இப்போது யோசிக்கிறேன். முன்பக்கம் இடமாகப் போகிற துணி, பின்பக்கமிருந்து பார்த்தால் வலமாகத்தான் போகும். அடியில் படுத்திருக்கிற பிள்ளைக்கு அது வலம். வழக்கில் ஜெயிக்கிற இந்தப் பேச்சு எனக்கு ஐம்பது வருடம் கழித்துத் தோன்றி என்ன பயன்?

"தம்பி, இங்க வாங்க" என்று பெரியம்மா அப்பாவைக் கூப்பிட்டார். "உங்க தங்கச்சி என்ன பண்ணி வச்சிருக்குன்னு பாருங்க. கொள்ளிக்குடம் சுத்துற மாதிரி எட்டையும் இடமா சுத்தி வச்சிருக்கு. இதையா பிள்ளைக்குப் போத்தப்போறீங்க?"

"அய்யோ, நான் அப்படி நினைச்சுச் செய்யலங்க. என் கை அப்படி" என்றார் அத்தை.

"கை அப்படின்னா மாத்திக்கணும். ரெண்டு பிள்ள போன வீடு இது."

அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். அத்தையை நம்ப வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசைதான், எனக்குத் தெரியும். ஆனால் பயம் பெரிதாக இருந்தது. அப்பா ஆபீசில் பத்துப் பேரை அதட்டுகிறவர். அன்றைக்கு, "பிரிச்சிட்டு மறுபடி தைச்சிடேம்மா. என்ன இப்போ?" என்று மட்டும் சொன்னார்.

அத்தை பிரித்தார். சவரத் தகட்டால் ஒவ்வொரு தையலாக எட்டு வீட்டையும் பிரித்தார். பிறகு வலமாகத் தைக்க உட்கார்ந்தார். கை கேட்கவில்லை. இரண்டு பட்டை வலமாகப் போகும், மூன்றாவதை அந்தக் கை பழைய பக்கமே திருப்பிவிடும். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, "ஒவ்வொரு தடவையும் வலம்னு சொல்லு அம்மாடி" என்றார். நான் வலம், வலம் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். கிழித்த துணிக்கு ஓரம் பலமில்லை. பிரித்ததில் நூல் நூலாக வந்துவிட்டது. ஒரு வீடு ஏழே முக்கால், ஒரு வீடு ஏழரை. ஒன்றோடொன்று சேரவில்லை. அத்தை என் முன்னால் அழவில்லை. கிணற்றடிக்குப் போய்விட்டு வருவார், வரும்போது முகம் கழுவியிருப்பார்.

ஐந்தாவது வீடு தைக்கும்போது அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. எட்டாம் மாதம்தான். தோட்டத்துத் துரையின் காரில் குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆண் பிள்ளை. நான் அவனைப் பார்க்கவில்லை. பெரியம்மா வந்து சொன்னதுதான்: கண், நகக்கண் எல்லாம் மஞ்சள், மஞ்சளை அரைத்துப் பூசிய மாதிரி. இரண்டு நாள் இருந்தான்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பியதும் பெரியம்மா வெந்நீர் அடுப்பைப் பற்ற வைத்து, அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். "சுத்துனது சுத்துனதுதான். பிரிச்சா மட்டும் போயிடுமா?" என்று அடுப்பைப் பார்த்தே சொன்னார். அத்தை கதவருகே நின்றுகொண்டிருந்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மட்டும் சொல்லியிருந்தேன், அதுவும் தப்பான நேரத்தில்.

பதினாறு நாள் கழித்து அப்பா அத்தையைப் பொந்தியானில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார். அங்கேயே ஓர் அன்னாசித் தோட்டக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அத்தையைக் கூப்பிடுவோம். வருவார், பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார், போய்விடுவார். அம்மாவுக்கு அதன் பிறகு பிள்ளை இல்லை.

நான் நர்ஸ் வேலைக்குப் போனேன், உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். ஜொகூர் பாருவில் பிரசவ வார்டில் பயிற்சி. ஒருநாள் பாடத்தில், ரத்தம் நெகட்டிவாக உள்ள தாய், பாசிட்டிவாக உள்ள குழந்தை என்று சொல்லிக்கொண்டு போனார்கள். முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அது பிறக்கும்போது அதன் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்பில் கலந்துவிட்டால், தாயின் உடம்பு அடுத்து வருகிற பிள்ளைகளோடு சண்டைக்கு நிற்கும். வயிற்றிலேயே போகும், இல்லையென்றால் மஞ்சளாகப் பிறந்து போகும். நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டேன். அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போய் அம்மாவின் ஆஸ்பத்திரி அட்டையைத் தேடி எடுத்தேன். நெகட்டிவ்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அட்டையைக் காட்டினேன்.

"அது அப்பவே டாக்டர் சொன்னாரு" என்றார் அம்மா.

"அப்பவேன்னா?"

"உன் தம்பி போன அன்னைக்கு. எனக்கும் உங்கப்பாவுக்கும்."

"அப்புறம் ஏன்மா அத்தைகிட்ட சொல்லல? பெரியம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா கீரைக் கட்டைத் தள்ளி வைத்தார். "சொன்னா, மொதப் பிள்ளையாலதான்னு பேச்சு வரும். லயமே பேசும். அது உன் காதுல விழும். ஒன்பது வயசுல நீ எப்படித் தாங்குவ? உங்கப்பாதான் வேணாம்னாரு. பெரியவ அவ, தாங்கிப்பான்னாரு."

இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத்தான் பெரியவள் என்றார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. பாசமும் வந்தது. இரண்டையும் இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

உடனே பொந்தியானுக்கு ஓடினாய்தானே என்று கேட்பீர்கள். ஓடவில்லை. இரவு ஷிப்ட், கல்யாணம், என் பிள்ளைகள், கணவரின் நோய் என்று காரணங்களை அடுக்கி வைத்துக்கொண்டேன். அத்தை எப்போதோ மறந்திருப்பார் என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அவரிடம் சொல்வதென்றால் 'நீங்கள் இல்லை' என்பதோடு நிறுத்த முடியாது. 'நான்' என்றும் சொல்ல வேண்டும். அப்படியே நாற்பது வருடம் போயிற்று. அப்பாவும் போனார், அம்மாவும் போனார், பெரியம்மா அதற்கு முன்பே போனார்.

அந்த வீடியோ வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் கடைசி மகன் வீட்டில் குழந்தைக்கு முப்பதாம் நாள் விசேஷம். இந்தத் தடவை போனேன். பந்தல், ஒலிபெருக்கி, வாடகை நாற்காலி, எல்லாம் நம் ஆட்கள் வழக்கம்தான். குழந்தை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. அத்தையைக் காணோம். பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது, கண்ணாடி மூக்கு நுனியில். அவருடைய மருமகள் குழந்தையோடு அங்கேயே வந்து, "மாமி, கொஞ்சம் பிடிங்க, நான் சேலை மாத்திட்டு வந்துடறேன்" என்றாள்.

"வெங்காயக் கைலா. உங்கம்மாகிட்ட குடு" என்றார் அத்தை, தலை நிமிராமல்.

மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தள்ளி வந்ததும் மெதுவாக, "மூனு பேரப்பிள்ளைங்க அக்கா. சின்னதுல ஒன்னையும் மாமி தூக்கினதில்ல. அவங்களுக்குப் பிள்ளைங்க பிடிக்காதோ என்னமோ" என்றாள்.

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அத்தை எதிரே உட்கார்ந்தேன்.

"அத்தே, அன்னைக்குப் பெரியம்மாகிட்ட விரலால சுத்திக் காட்டுனது நான்தான்."

"தெரியும்லா. ஒன்பது வயசுப் பிள்ள. காட்டத்தான் செய்யும்."

"அது இல்ல அத்தே. அந்தப் போர்வையால ஒன்னும் ஆகல. அம்மா ரத்தம் வேற, எங்க ரத்தம் வேற." முழுவதும் சொன்னேன். வார்டில் புதிதாக வந்த தாய்மார்களுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொல்லப் பார்த்தேன். "இப்ப அதுக்கு ஊசி இருக்கு. அப்ப நம்ம பக்கம் இல்ல. மொதப் பிள்ள பொறந்ததுலயே எல்லாம் முடிஞ்சிடுச்சு அத்தே. நீங்க மெஷின்ல உட்காரதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே."

"மொதப் பிள்ள" என்றார் அத்தை.

"நான்தான்."

கத்தி நின்றது. "அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அண்ணிக்கு?"

"தெரியும் அத்தே."

"நீ எப்பத் தெரிஞ்சுக்கிட்ட?"

"நாப்பது வருஷம் இருக்கும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். முன்பக்கம் ஒலிபெருக்கியில் யாரோ ஹலோ ஹலோ என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"மூத்தவன் மகளுக்குப் பதினேழு வயசு" என்றார். "நடுவுல உள்ளவ பையன் என் தோளுக்கு வந்துட்டான். அதுங்கள இனிமே தூக்க முடியாது."

அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினார். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கூடத்துக்குள் போனார். நான் பின்னால் போகவில்லை. உள்ளே மருமகள், "மாமி!" என்று சொன்னது மட்டும் கேட்டது. மீதி வெங்காயத்தை நான் உரித்தேன்.